முப்பது சிசி

இதயக் குழாய்களின் கதை: 17

கூடுவாஞ்சேரியில் எங்கள் தெருவின் கடைசி வீட்டில் ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் இருக்கிறார். வயது 67. எடை 60 கிலோ. அதற்கு மேல் ஒருநாளும் ஏறியதில்லை என்பதில் அவருக்கு ஒரு பெருமை. சர்க்கரை இருபது வருடத்துச் சொந்தம். போன மாதம் ஒரு காலை, நந்திவரம் ஏரிப் பக்கம் நடந்துவிட்டுத் திரும்பியவர் என் வாசலில் நின்று ஒரு பிளாஸ்டிக் உறையை நீட்டினார்.

“இருதய சமாச்சாரம்தானே எழுதிக்கிட்டு இருக்கீங்க. இதைப் பாருங்க சார்.”

உள்ளே இரண்டு டிஸ்சார்ஜ் சம்மரி. ஒன்று ஆஞ்சியோகிராம் எடுத்ததற்கு. மற்றது பத்து நாள் கழித்து ஸ்டென்ட் வைத்ததற்கு. கிரியேட்டினின் 2.4 என்ற வரியில் என் கண் போய் நின்றது. சிறுநீரகம் பாதிக்கு மேல் களைத்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். அவர் விரல் வைத்துக் காட்டியது வேறு வரி. முதல் தாளில் ‘காண்ட்ராஸ்ட்: 14 மி.லி.’ இரண்டாவதில் ‘8 மி.லி.’

“எங்க மச்சானுக்கு 2009-ல இதே மாதிரி ஸ்டென்ட் வெச்சாங்க. அந்தத் தாளையும் தேடி எடுத்தேன். அதுல இப்படி ஒரு வரியே இல்ல சார்.”

இந்த வாரம் அந்த வரியின் கதை.

சோன்ஸிடமிருந்து தொடங்குகிறேன். 1958 அக்டோபர் 30. அமெரிக்காவில் கிளீவ்லாண்ட் கிளினிக்கின் அடித்தளத்தில் ஓர் ஆய்வறை. மேசன் சோன்ஸ் குழந்தைகளின் இதய நோய்களைப் பார்த்துவந்தவர். அன்று மேசையில் படுத்திருந்தது 26 வயது இளைஞர். வாதக் காய்ச்சலில் இதய வால்வு கெட்டவர். வால்வைப் படம் பிடிக்க மகாதமனிக்குள் காண்ட்ராஸ்ட், அதாவது டை, செலுத்த வேண்டும், அவ்வளவுதான் திட்டம். மேசைக்குக் கீழே தோண்டியிருந்த குழிக்குள் நின்று சோன்ஸ் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, மேலே உதவியாளர் ஊசியை அழுத்தினார். குழாயின் நுனி நழுவி வலது கரோனரி நாளத்தின் வாய்க்குள் புகுந்திருந்தது. சோன்ஸ் கத்துவதற்குள் சுமார் 30 சிசி, அதாவது 30 மில்லி, டை இதயத்துக்குச் சோறு போடும் அந்த ஒற்றைக் குழாய்க்குள்ளேயே போய்விட்டது.

கரோனரிக்குள் நேராக டை போனால் ஆள் பிழைக்கமாட்டான் என்பது அந்தக் காலத்துப் பாடம். இதயம் நின்றது. நெஞ்சைத் திறக்கக் கத்தியைத் தேடிக்கொண்டு குழியிலிருந்து ஏறி வந்த சோன்ஸ் இசிஜியைப் பார்த்தார். துடிதுடிப்பு எதுவும் இல்லை, வெறும் நேர்கோடு. நோயாளிக்கு நினைவு தப்பவில்லை. ‘இருமு! இருமு!’ என்று கத்தினார். மூன்று நான்கு இருமலில் தேங்கியிருந்த டை வெளியே தள்ளப்பட்டு இதயம் மறுபடி அடிக்கத் தொடங்கியது. 30 சிசி போயும் ஆள் பிழைத்தால், கொஞ்சமாக, வேண்டுமென்றே செலுத்தலாம் அல்லவா என்று சோன்ஸுக்குப் பட்டது. கரோனரி ஆஞ்சியோகிராம் அப்படித்தான் பிறந்தது.

அந்த 30 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவேன்.

எக்ஸ்ரேக்கு ரத்தமும் தெரியாது, ரத்தக் குழாயும் தெரியாது. சதைக்கும் அவற்றுக்கும் அதற்கு வித்தியாசமில்லை. கனமான அணு ஏதாவது ரத்தத்தில் கலந்தால்தான் நிழல் விழும். எது கனம், எது ஆளைக் கொல்லாது என்று தேடியதுதான் டையின் முற்பகுதி வரலாறு. விடை அயோடின். 1811-ல் பிரான்ஸில் பெர்னார் கூர்த்வா வெடிமருந்துக்கு வேண்டிய உப்பை எடுக்கக் கடற்பாசிச் சாம்பலைக் கிளறப்போய் ஊதா நிற ஆவியாகக் கண்டெடுத்த பொருள். அது எக்ஸ்ரேயில் தெரியும் என்று காட்டிக்கொடுத்தது மேகநோய். சிஃபிலிஸுக்குச் சோடியம் அயோடைடு கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. 1923-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் அந்த நோயாளிகளின் சிறுநீர்ப்பை எக்ஸ்ரேயில் நிழலாகத் தெரிவதைக் கவனித்தார்கள். ஆனால் சோடியம் அயோடைடு முரட்டு மருந்து. 1929-ல் மோசஸ் ஸ்விக் என்ற இளம் அமெரிக்கர் ஜெர்மனியில் வேலை செய்தபோது, உடம்பு தாங்கக்கூடிய அயோடின் சேர்மம் ஒன்றைக் கையிலெடுத்தார். அதற்கு வைத்த பெயர் யூரோசெலக்டான். கண்டுபிடித்த பெருமை யாருக்கு என்று அவருக்கும் பெர்லினில் அவருடைய மேலதிகாரிக்கும் நடந்த சண்டை தனிக் கதை.

எதைப் பார்க்க உண்டாக்கிய மருந்து அது? பெயரிலேயே இருக்கிறது: சிறுநீர். ரத்தத்தில் கலந்ததும் சிறுநீரகம் அதை இறுத்து வெளியே தள்ள வேண்டும், தள்ளும்போது சிறுநீரகத்தின் வடிவம் படத்தில் தெரிய வேண்டும். சிறுநீரகம் தவிர வேறு வழியாக வெளியேறாதபடி தேர்ந்தெடுத்ததே அதன் சிறப்பு. பின்னாளில் கரோனரிக்குள் போன டை எல்லாம் இந்த வம்சம்தான். இதயத்தைப் பார்ப்பதற்கு நாம் இன்றும் ஊற்றுவது சிறுநீரகத்தைப் பார்க்கப் பிறந்த மருந்தை. இதயக்காரர்கள் வேலை முடிந்து கையுறையைக் கழற்றியபின்தான் சிறுநீரகத்தின் வேலை ஆரம்பிக்கிறது.

சிறுநீரகத்துக்குப் போகாத டை ஒன்றும் இருந்தது. தோரோட்ராஸ்ட். தோரியம் ஆக்சைடுக் கூழ்மம். செலுத்தும்போது வலிக்காது, எரியாது, படம் பளிச்சென்று விழும். 1930-களில் டாக்டர்கள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். மூளை ஆஞ்சியோகிராமைத் தொடங்கிவைத்த போர்ச்சுகல்காரர் ஈகாஸ் மோனிஸும் பயன்படுத்தினார். உடம்பு அதை வெளியே தள்ளவே இல்லை. ஈரலில் போய் உட்கார்ந்துகொண்டு ஆயுள் முழுக்கக் கதிர்வீசியது. இருபது, முப்பது வருடம் கழித்து ஈரல் புற்றுநோய்கள் வரத் தொடங்கியபோது ஊசி போட்ட டாக்டர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்றிருப்பார்கள். மணவாளக்குறிச்சி மணலால் தோரியம் நமக்குப் பழகிய பெயர். நம் மாவட்டத்துக் கரையிலேயே, கல்பாக்கத்தில், 1996-ல் இயங்கத் தொடங்கிய காமினி அணு உலைக்கு எரிபொருள் தோரியத்திலிருந்து கிடைக்கும் யுரேனியம்-233. நியூட்ரானை ஊடுருவவிட்டுப் பொருள்களின் உட்புறத்தைப் படம் பிடிப்பது அதன் வேலைகளில் ஒன்று. தோரியத்துக்கும் படம் எடுப்பதற்கும் ஏதோ பூர்வஜென்ம பந்தம் போல. உலைக்குள் இருக்கும்வரை நல்லது.

ஆக, சிறுநீரகம் வெளியே தள்ளும் டைதான் பாதுகாப்பு என்று ஆனது. 1950-களில் வந்த டயாட்ரிஸோயேட் உலகம் முழுக்கப் பரவியது. சோன்ஸின் ஊசியில் இருந்த ஹைபேக் அதுதான், நம்மூரில் யூரோகிராஃபின் என்று வந்ததும் அதுதான். பழைய ஆட்களுக்கு அதன் சூடு ஞாபகம் இருக்கும். ஊசி ஏறியதும் உடம்பெங்கும் அனல் பரவும், குமட்டும், காலின் நாளத்தில் ஏற்றினால் ஆள் அலறுவார். கரோனரியில் ஏற்றினால் துடிப்பு தடுமாறும். ஒவ்வொரு ஊசிக்கும் பிறகு ‘இருமுங்க’ என்று சொல்வது சோன்ஸ் காலத்திலிருந்து கேத் லேபின், அதாவது ஆஞ்சியோ அறையின், மந்திரமாகவே இருந்தது.

ஏன் எரிகிறது? இதைக் கேட்டவர் சுவீடனின் மால்மோவில் இருந்த கதிரியக்க மருத்துவர் டோர்ஸ்டன் அல்மேன். விடை கிடைத்தது நீச்சலில். பால்டிக் கடலில் கண்ணைத் திறந்துகொண்டு முங்கினால் எரியாது. மேற்குக் கரைக் கடலில் முங்கினால் எரியும். சிறுவயதிலேயே அவருக்குத் தெரிந்த விஷயம் இது. பால்டிக் பாதி நன்னீர், மேற்குக் கரை முழு உப்பு. நம் பிள்ளைகளுக்கும் இது தெரியும்: மாமல்லபுரத்து அலையில் கண் திறந்தவனும் முட்டுக்காடு உப்பங்கழியில், மழைத் தண்ணீர் வந்து சேர்ந்த நாளில், கண் திறந்தவனும் ஒரே கதை சொல்லமாட்டார்கள். கரைந்திருக்கும் துகள்களின் எண்ணிக்கைதான் வித்தியாசம். அந்தக் கணக்கில் ரத்தம் சுமார் 290, கடல்நீர் சுமார் 1000, பழைய டைகள் 1500 முதல் 2000 வரை. கடலைவிட உப்பான திரவத்தை ரத்தக் குழாயில் ஊற்றிக்கொண்டிருந்தோம். அதில் பட்ட ரத்த அணுக்கள் உப்பில் ஊறிய நார்த்தங்காய் போலச் சுருங்கும்.

அல்மேனின் யோசனை எளிது. பழைய டை தண்ணீரில் இரண்டு துண்டாகப் பிரிகிறது. ஒரு துண்டில்தான் மூன்று அயோடின் அணு, மற்றது சும்மா வரும் சுமை. பிரியாத மூலக்கூறாகச் செய்துவிட்டால் துகள் எண்ணிக்கை பாதியாகும், நிழல் குறையாது. அவர் வேதியியலாளர் அல்லர். மருத்துவ இதழ்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. கடைசியில் 1969-ல் கோட்பாட்டு உயிரியல் இதழ் ஒன்றில் அது வந்தது. மருந்துக் கம்பெனிகளில் காது கொடுத்தது நார்வேயின் நிகார்ட். அங்கிருந்து 1982-ல் வந்த ஐயோஹெக்ஸால்தான் இன்றும் உலகெங்கும் கேத் லேப் அலமாரிகளில் இருக்கிறது. பிறகு ரத்தத்துக்குச் சமமான 290-லேயே நிற்கும் ஐயோடிக்ஸனாலும் வந்தது. எரிச்சல் போனது, இருமலும் மெல்ல அறையை விட்டுப் போனது. வலிக்காத மருந்தை ஊற்றும் கை தாராளமாகிவிடும் என்பதை யாரும் அப்போது யோசித்ததாகத் தெரியவில்லை.

நம் ஊருக்கு வருவோம். 1977-ல் சூரிச்சில் க்ரூன்ட்சிக் கரோனரி அடைப்பைத் திறக்க முதல் பலூனை ஊதிய கதையைப் பழைய அத்தியாயத்தில் பார்த்தோம். அவர் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்துக்குப் போனபின் அவரிடம் பயின்ற மேத்யூ சாமுவேல் களரிக்கல், 1986-ல் சென்னை அப்போலோவில் ஆஞ்சியோபிளாஸ்டியைத் தொடங்கினார். இந்தியாவில் இந்தச் சிகிச்சையின் தந்தை என்று பெயர் பெற்ற அவர், 2025 ஏப்ரலில் சென்னையில் காலமானார். 1986-ல் கூடுவாஞ்சேரிக்காரருக்கு நெஞ்சு வலித்தால் மீட்டர் கேஜ் ரயிலில் எழும்பூர் போய்க் கிரீம்ஸ் சாலைக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும், கையில் பணமும் இருக்க வேண்டும். இன்று ஜிஎஸ்டி சாலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும், தாம்பரம் பக்கமோ காட்டாங்குளத்தூர், செங்கல்பட்டு பக்கமோ, பெரிய ஆஸ்பத்திரி வந்துவிடும்.

அந்த ஆரம்ப வருடங்களில் படம் 35 மி.மீ. சினிமா ஃபிலிமில்தான். கோடம்பாக்கத்தில் செய்வது போலவே கழுவிக் காயவைத்துத்தான் ஒழுங்காகப் பார்க்க முடியும். மேசையில் ஆள் படுத்திருக்கும்போது சந்தேகம் வந்தால் ஒரே வழி இன்னொரு தடவை ஊசியை அழுத்துவது. பலூன் சரியான இடத்தில் இருக்கிறதா, கொஞ்சம் டை. ஊதியபின் திறந்ததா, கொஞ்சம் டை. வேறு கோணத்தில் எப்படி, இன்னும் கொஞ்சம். கடைசியில் இதயத்தின் இடது அறை எப்படிச் சுருங்குகிறது என்று பார்க்க ஒரே மூச்சில் 30, 40 மில்லி. ஆஞ்சியோபிளாஸ்டி முடியும்போது 150, 200 மில்லி போயிருக்கும். சிக்கலான குழாய் என்றால் இன்னும் மேலே. யாரும் எண்ணவில்லை. எண்ணாததை டிஸ்சார்ஜ் தாளில் எழுதவும் முடியாது.

சிறுநீரகம் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. உடம்பிலேயே தாராளமாக ரத்தம் பாயும் உறுப்புகளில் ஒன்று அது; ஆனால் அதன் உட்பகுதி எப்போதுமே மூச்சுத் திணறலின் ஓரத்தில் வாழ்கிறது. பிராணவாயு அங்கே மிகக் குறைவு. ரத்தத்திலிருந்து இறங்கிய டை, தண்ணீர் உறிஞ்சப்பட உறிஞ்சப்படக் கெட்டியாகி நுண்குழாய்களில் மெதுவாக ஊர்கிறது. அதே நேரத்தில் அங்கே போகும் ரத்தக் குழாய்களும் சுருங்குகின்றன. நல்ல சிறுநீரகம் ஒன்றிரண்டு நாளில் உதறிவிட்டு எழும். சர்க்கரையில் ஏற்கெனவே பாதி வடிகட்டிகளை இழந்த சிறுநீரகத்தில் மீதி வடிகட்டிகள் இரண்டு மடங்கு சுமக்கும். கிரியேட்டினின் இரண்டு நாளில் ஏறும், மூன்று முதல் ஐந்து நாளில் உச்சம் தொடும், பெரும்பாலும் பத்து நாளுக்குள் இறங்கிவிடும். இறங்காதவர்கள் சிலர். அவர்களுக்கு டயாலிசிஸ் நாற்காலி.

வெயிலில் உழைக்கிற இந்தக் கரைக்கு இது கூடுதலாகப் பொருந்தும். தமிழ்நாட்டு உப்பளங்களில் ஸ்ரீராமச்சந்திரா ஆய்வாளர்கள் செய்த ஆய்வு, தண்ணீர் குடிக்காமலும் சிறுநீர் கழிக்க இடமில்லாமலும் வெப்பத்தில் நிற்கும் தொழிலாளர்களிடம் சிறுநீரகத் திறன் குறைந்திருப்பதைக் காட்டியது. அப்படிப்பட்டவர் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவார். தம் கிரியேட்டினின் என்ன என்று அவருக்கே தெரிந்திருக்காது. மாரடைப்பின் நடுவே அதைக் கேட்டுக்கொண்டு நிற்கவும் முடியாது. அப்போலோவின் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி, சென்னையை அடுத்த கிராமங்களில் சமூகப் பணியாளர்களை வீடு வீடாக அனுப்பிச் சிறுநீரையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்கவைத்தது அதனால்தான் பெரிய காரியம். கேத் லேபுக்கு வெகு முன்னாலேயே, மலிவான மாத்திரையில், சிறுநீரகத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி.

எவ்வளவு டை வரை போகலாம்? முதலில் ஒரு கணக்கு சொன்னவர்கள் அமெரிக்காவின் சிகரோவா குழுவினர், 1989-ல். எடையை ஐந்தால் பெருக்கு, கிரியேட்டினினால் வகு, எப்படியும் 300 மில்லியைத் தாண்டாதே. எங்கள் ரயில்வேக்காரரை இதில் வைத்துப் பார்த்தேன்: ஐந்து பெருக்கல் 60, வகுத்தல் 2.4. விடை 125 மில்லி.

2007-ல் லாஸ்கி குழுவினர் எடையைவிடச் சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகத்தோடு ஒப்பிடுவதே சரி என்றார்கள்; அந்த வேகத்தின் 3.7 மடங்குக்கு மேல் போகாதே. ரயில்வேக்காரரின் வேகம் பழைய சூத்திரப்படி நிமிடத்துக்குச் சுமார் 25 மில்லி. அவருடைய எல்லை 94-க்கு இறங்குகிறது. 2011-ல் மிச்சிகனில் ஹிதிந்தர் குர்மின் குழு பல்லாயிரம் நோயாளிகளின் பதிவுகளை அலசி, இரண்டு மடங்கைத் தாண்டும்போதே ஆபத்து தலைகாட்டுகிறது, மூன்றைத் தாண்டினால் செங்குத்தாக ஏறுகிறது என்றது. இப்போது 50. அதற்கும் பிறகு வந்த ‘மிகக் குறைந்த டை’ கட்சிக்காரர்கள் ஒரு மடங்கு போதும் என்கிறார்கள். இன்றைய சூத்திரத்தில் அவருடைய வடிகட்டும் வேகம் 29. எனவே 29 மில்லி.

அதே ஆள், அதே சிறுநீரகம். 125, 94, 50, 29. சோன்ஸின் உதவியாளர் ஒரே அழுத்தில் ஒரே குழாய்க்குள் தவறுதலாக விட்ட அளவில் இன்று ஒருவருக்கு ஆஞ்சியோகிராம் முழுவதையும் முடிக்க வேண்டும்.

இந்த எண்கள் இறங்கிக்கொண்டிருந்த அதே வருடங்களில் மருத்துவம் வேறொரு பக்கமும் ஓடியது: டையைக் குறைப்பானேன், சிறுநீரகத்துக்குக் கவசம் போட்டுவிடலாமே என்று. 1994-ல் சாலமன் குழு காட்டியது எளிய உண்மை: உப்பு நீர் டிரிப் நல்லது, அதோடு சிறுநீர் போக்கும் மருந்துகளைச் சேர்த்தால் நல்லதில்லை. அது நிலைத்து நின்றது. 2000-ல் வந்தது அசிட்டைல்சிஸ்டீன். 83 பேரிடம் செய்த ஓர் ஆய்வு. உலகம் முழுக்க ஆஞ்சியோவுக்கு முதல் நாளே நோயாளிகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதைக் குடிக்கத் தொடங்கினார்கள். கந்தகம் கலந்த மருந்து, அழுகிய முட்டை வாடை. மலிவு, தீங்கில்லை, கொடுத்தால் என்ன என்பது நியாயமாகவும் இருந்தது. சோடா உப்பு டிரிப் இன்னொரு நம்பிக்கை. 2018-ல் ஐயாயிரம் பேரை வைத்து நடந்த பிரிசர்வ் ஆய்வு இரண்டையும் ஒரே அடியில் சாய்த்தது: எந்தப் பலனும் இல்லை. பதினெட்டு வருடம் எத்தனை பேர் அந்த வாடையைச் சகித்தார்கள்! கொடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் டம்ளரில் மருந்து கொடுத்தாயிற்று என்ற நிம்மதியில் ஊசியைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்திய கைகளும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எதிர்த்திசையிலும் ஒரு தவறு நடந்தது. சிறுநீரகம் கெட்டுவிடுமோ என்ற பயத்தில், வேண்டியவர்களுக்கும் ஆஞ்சியோகிராம் மறுக்கப்பட்டது. 2004-ல் செர்டோ என்ற சிறுநீரக மருத்துவரின் குழு, மாரடைப்பு வந்த முதியவர்களில் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களை இதயக்காரர்கள் தொடாமல் விடுவதைக் கணக்கோடு காட்டி, நிறவெறி, வயதுவெறி போல இதற்கும் ஒரு பெயர் வைத்தது. டை உண்மையிலேயே அவ்வளவு குற்றவாளியா என்ற கேள்வியும் உண்டு. டையே செலுத்தாத நோயாளிகளுக்கும் ஆஸ்பத்திரியில் கிரியேட்டினின் ஏறத்தான் செய்கிறது. குறிப்பாக சிடி ஸ்கேனுக்குக் கை நரம்பில் போடும் டையின் மேல் சுமத்திய பழியில் பாதி வீண் பழி என்று இப்போது பலர் சொல்கிறார்கள். தமனி வழியாக, அதுவும் கிரியேட்டினின் 2-ஐத் தாண்டியவருக்கு, நான் அந்தத் தைரியத்தில் சாயமாட்டேன். இன்னொன்றும் சொல்லவேண்டும்: 2020-ல் வந்த ஆய்வொன்று, சிறுநீரகம் மிகவும் தளர்ந்து, ஆனால் நெஞ்சு வலி நிலையாக இருக்கும் 777 பேரைப் பார்த்தது. ஸ்டென்ட், பைபாஸ் பக்கம் போனவர்கள் மாத்திரையோடு இருந்தவர்களைவிடக் கூடுதலாகப் பிழைக்கவில்லை. டையைக் குறைக்கச் சிறந்த வழி சில பேருக்கு மேசையில் ஏறாமலே இருப்பது.

ஏறித்தான் ஆகவேண்டும் என்றால்? செலவில்லாத வழிகள் முதலில். இடது அறைக்கு ஊற்றும் 30, 40 மில்லியை அடியோடு நிறுத்தலாம்; எக்கோ அதே செய்தியை டை இல்லாமலே சொல்லும். ஊசிக்குழாய் சின்னதாக இருந்தால் கையும் சின்னதாகும். பத்துக் கோணத்துக்குப் பதில் நாலு நல்ல கோணம். குழாய் சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்கச் சும்மா ஒரு ‘பஃப்’ விடும் பழக்கத்துக்கு விடை. பழைய படத்தைப் பக்கத்துத் திரையில் நிறுத்திவைத்துக்கொண்டு வேலை செய்வது. ஆஞ்சியோவையும் ஸ்டென்ட்டையும் ஒரே நாளில் அடுக்காமல் இடைவெளி விடுவது. ரயில்வேக்காரருக்குப் பத்து நாள் இடைவெளி விட்டது அதற்குத்தான்.

அடுத்தது ஐவஸ். குழாயின் நுனியில் ஒரு நுண்ணிய அல்ட்ராசவுண்ட். கரோனரிக்குள்ளேயே போய் நின்று சுவரைக் குறுக்கே வெட்டினாற்போல் காட்டும்: அடைப்பு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, குழாயின் உண்மையான அகலம் என்ன. இதற்கு டை தேவையே இல்லை. பக்கக் கிளைகளிலெல்லாம் மெல்லிய கம்பிகளை விட்டுவைத்தால், எக்ஸ்ரேயில் அந்தக் கம்பிகளே குழாய்களின் வரைபடமாகிவிடும். கம்பியும் அல்ட்ராசவுண்டும் சேர்ந்தால் டை இல்லாமலே ஸ்டென்ட்டை இடம் பார்த்து உட்காரவைக்கலாம். பிரேசிலின் மரியானி குழு 2014-ல் வெளியிட்ட மொஸார்ட் ஆய்வில் வழக்கமான முறையில் நடு அளவு 64.5 மில்லி, ஐவஸ் துணையோடு 20. நியூயார்க்கின் சியாத் அலி 2016-ல் ஒருபடி மேலே போனார். சிறுநீரகம் மிகவும் தளர்ந்த 31 பேருக்கு டையே இல்லாமல் ஸ்டென்ட்; யாரையும் டயாலிசிஸுக்குத் தள்ளவில்லை. பக்கத்துக் கேரளத்திலும் கொல்லத்தில் பிரதாப் குமார் தலைமையிலான குழு சொட்டு டைகூட விடாமல் செய்து அதை எழுதியும் வைத்திருக்கிறது.

ஆபத்தில்லாத வித்தை அல்ல இது. குழாயில் கிழிசலோ ஓட்டையோ விழுந்தால் டை இல்லாமல் சட்டென்று தெரியாது. நல்ல டாக்டர் சந்தேகம் வந்தால் இரண்டு மில்லி விட்டுப் பார்ப்பாரே தவிர, பூஜ்ஜியம் என்ற பெருமைக்காகப் பிடிவாதம் பிடிக்கமாட்டார். செலவும் உண்டு. 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்ட்டின் விலையை மத்திய அரசின் விலை ஆணையம் 29,600 ரூபாய்க்கு இறக்கியது. ஒருதடவை பயன்படுத்தும் ஐவஸ் குழாய்க்கு அந்தத் தளை இல்லை. பெரும்பாலும் உள்ளே நிரந்தரமாக இருக்கப்போகும் ஸ்டென்ட்டைவிடப் பார்த்துவிட்டு வெளியே வரும் குழாய்க்கு விலை அதிகம். டயாலிசிஸ் செலவோடு ஒப்பிட்டால் மலிவுதான். ஆனால் அந்தக் கணக்கைப் போடுகிற ஆள் வேறு, பில்லைக் கட்டுகிற ஆள் வேறு.

இத்தனை ஆய்வும் சொல்லி மாறாத கைகளை 2022-ல் ஒரு பூட்டு மாற்றியது. கொரோனாவுக்காக ஷாங்காய் நகரை மூடினார்கள். ஐயோஹெக்ஸால் தயாராகும் பெரிய ஆலைகளில் ஒன்று அங்கே. அல்மேன் வம்சத்து அதே டை. ஏப்ரல், மே மாதங்களில் அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் குப்பிகள் தீரத் தொடங்கின. அவசரமில்லாத ஸ்கேன்களைத் தள்ளிப்போட்டார்கள், பெரிய குப்பிகளை மருந்தகத்தில் சிறு ஊசிகளாகப் பிரித்தார்கள், ஒவ்வொரு நோயாளிக்கும் எவ்வளவு என்று கணக்குப் பார்த்தார்கள். சிறுநீரகத்துக்காகக் குறைக்காத டையை அலமாரிக்காகக் குறைத்தார்கள். குறைத்த படங்களும் படிக்கும்படிதான் இருந்தன.

ரயில்வேக்காரரிடம் ஒன்று கேட்டேன். மேசையில் படுத்திருந்தபோது பயமாக இருந்ததா?

“பயமெல்லாம் இல்ல சார். மணிக்கட்டுல குத்தினாங்க, அவ்ளோதான். ஒரு பொண்ணு பக்கத்துல நின்னு சத்தமா எண்ணிக்கிட்டே இருந்துச்சு. டாக்டர் ஒவ்வொரு தடவையும் அது முகத்தைப் பார்த்துட்டுத்தான் ஊசியை அமுக்குறாரு. எங்க சிங்கிள் லைன்ல டோக்கன் கைக்கு வராம டிரைவர் வண்டியை எடுக்கமாட்டான் பாருங்க, அந்த மாதிரி. பதினாலுன்னு சொல்லுச்சு. டாக்டர் திரையை இன்னொரு தடவை பார்த்தாரு. போதும்னு கையை எடுத்துட்டாரு.”

மூன்று தாளையும், மச்சானுடைய 2009 தாளையும் சேர்த்துத்தான், உறைக்குள் மடித்து வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனை இருக்கிறதாம். வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.